இளைத்த குதிரைக்குக் கொள்ளு வைக்கலாமா?

வாசகர் கேள்வி: கால்நடை மருத்துவர் பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவிலுள்ள தன் ஊரிலிருந்து நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். அவருடைய கணவரின் பெரியப்பா மகன், அதாவது இவருக்கு மச்சாண்டார் முறை, போன வருடம் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு செவலை மட்டக்குதிரை வாங்கினார். பெட்டைக் குதிரை. மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கியது. மகன் கல்லூரிக்குப் போனதும் ஆசையும் போய்விட்டது. குதிரை தென்னந்தோப்பில் கட்டியபடியே கிடந்தது. தோப்புக் காவலாளி நினைத்தால் தண்ணீர், கிடைத்தால் தென்னங்கீற்றோரம் முளைத்த புல். வாசகி ஒருநாள் தேங்காய் எடுக்கப் போனபோது அது கயிற்றைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. “எண்ணிப் பார்த்தேனுங்க, ஒவ்வொரு விலாவும் தனித்தனியாத் தெரிஞ்சுது” என்று எழுதியிருக்கிறார். மச்சாண்டாரிடம் கேட்டதற்கு, “வேணும்னா ஓட்டிட்டுப் போ” என்றாராம். ஓட்டி வந்துவிட்டார்.

வந்த அன்றிலிருந்து, எண்பது வயது அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சொன்னபடி, கொள்ளை அவித்து வெல்லம் போட்டு ஒரு வாளி வைக்கிறார். குதிரை முகத்தை உள்ளே விட்டால் வாளி காலியாகும் வரை எடுப்பதில்லை. இனி அவருடைய கேள்விகள். கொள்ளை இரண்டு வாளியாக்கலாமா? ஆட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தையே கொடுக்கலாமா? மருந்துக் கடைக்காரர் சொன்ன ‘ரத்தம் ஊறும் ஊசி’ போடலாமா? போலீசில் புகார் கொடுத்தால் மச்சாண்டார் மேல் நடவடிக்கை வருமா? தேறிய பிறகு அவர் திரும்பக் கேட்டால் என்ன செய்வது? கெட்ட சுழி உள்ள குதிரை, வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்வது உண்மையா? பன்னிரண்டு வயது மகன் எப்போது ஏறலாம்?

அம்மணி, உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வாளியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். பதிலாக அச்சில் வரும் வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. காரணத்தை அப்போது அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. உங்களைப் போல இரக்கப்பட்டு ஒரு குதிரையை ஓட்டி வருகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அப்பிச்சியைக் குறை சொல்லவில்லை. குதிரை என்றால் கொள்ளு என்றுதான் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். ஆனால் அவரே அறிந்த பழமொழி ஒன்று உண்டே: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. உங்கள் செவலை இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

முதல் பத்து நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக் குதிரையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது. கூடவே பசி நன்றாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. சாப்பிடுகிற மாடு சாகாது என்று மாட்டிடம் படித்த பாடத்தைக் குதிரையிடம் கொண்டுபோனேன். “நல்லாத் தின்னட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டிக்காரர் கடன் வாங்கிக் கொள்ளும் தவிடும் வைத்தார். மூன்று நாள் துள்ளலாக நின்றது. நான்காம் நாள் காலையில் தொடை நடுங்கி, பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. சாயங்காலம் போய்விட்டது. வாளியில் பாதிக் கொள்ளு மிச்சம் இருந்தது.

அன்று நடந்ததற்கு ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’ என்று பெயர். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும், அப்புறம் தசையையும் கரைத்து உயிரை ஓட்டுகிறது. அந்த நேரத்தில் மாவுச்சத்தும் இனிப்பும் குப்பென்று உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் கொஞ்சநஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் அது திசுக்களுக்குள் இழுத்துக்கொண்டுபோய்விடும். இதயத்துக்கும் மூச்சு விடும் தசைக்கும் வேண்டியது ரத்தத்தில் இருக்காது. பெரும்பாலும் தீனி வைக்கத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இது நடக்கும். பட்டினியில் சாகாத குதிரை சாப்பாட்டில் சாவது இப்படித்தான். அந்தக் கொள்ளில் வெல்லத்தையும் கரைத்தால் ஆபத்து இரட்டிப்பு.

அப்படியானால் என்ன வைப்பது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பட்டினி கிடந்த குதிரைகளுக்கு எந்தத் தீனி ஒத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்தார்கள். மாவுச்சத்து குறைவாகவும், புரதமும் மேற்சொன்ன தாதுக்களும் கூடுதலாகவும் உள்ள லூசர்ன் தீவனம்தான் நன்றாக ஒத்துவந்தது. லூசர்னுக்கு நம் ஊர்ப் பெயர் குதிரை மசால். பெயர் வைத்தவர் விவரமானவர்!

எவ்வளவு என்பதற்கு எடை தெரிய வேண்டும். அன்று நீங்கள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினீர்களே, அதே கணக்குதான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி 138 செ.மீ. தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை 130 செ.மீ. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். உங்கள் செவலை சுமார் 208 கிலோ. அதன் உயரத்துக்கு 280 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். கால் பங்கு உடம்பு கரைந்திருக்கிறது.

முதல் மூன்று நாள், காய்ந்த குதிரை மசால் 250 கிராம் வீதம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரியும் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோதான். பச்சையாகக் கிடைத்தால் ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிலோ. காலையில் அறுத்ததை நிழலில் வாடவிட்டுப் போடுங்கள். நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைத்து, பத்தாம் நாளுக்குள் ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் மூன்றிலிருந்து மூன்றரைக் கிலோ, மூன்று வேளையாக. அதற்குப் பிறகு கேட்கிற அளவுக்கு வைக்கலாம். கூடவே நல்ல காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் சேர்க்கலாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். உப்புக் கட்டி இரண்டு வாரம் கழித்து.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கால் கிலோ புல் போடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். குதிரை வேறு காலால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்கும். கேட்கட்டும். அந்தப் பத்து நாளும் நீங்கள் கல்நெஞ்சக்காரியாக இருக்க வேண்டும்.

நீங்கள் மூன்று நாள் கொள்ளு வைத்துவிட்டீர்கள் என்பதால், தொடை நடுக்கம், தள்ளாட்டம், மூச்சு வாங்குதல், கால் வீக்கம், பேதி, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊரில் ஆள் இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு பார்க்கச் சொல்லுங்கள். நிற்காமல் படுத்துவிட்டால் நிலைமை வேறு. உடம்பில் பாதி கரைந்து, மூன்று நாளாக எழ முடியாமல் கிடக்கும் குதிரை மீள்வது மிக அரிது. அங்கே வலியில்லாமல் முடித்துவைப்பதும் சிகிச்சைதான். உங்களுடையது தானாகப் படுத்துத் தானாக எழுகிறது என்றீர்கள். நல்ல அடையாளம்.

இன்னொன்று, இது ஆடி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று உங்கள் ஊரில் காற்றாலையையே விரட்டுகிறது. கொழுப்பில்லாத உடம்பு தின்பதையெல்லாம் குளிருக்கே செலவழித்துவிடும். குதிரை நிற்கும் சாளையின் மேற்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டுங்கள். செம்மண் தரையில் புல்லைக் கொட்டாதீர்கள். மண்ணும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்று வலி வரும். தொட்டியில் போடுங்கள்.

வீட்டில் இருப்பதெல்லாம் தீவனம் இல்லை

உங்கள் வீட்டில் நான்கு மாடு, பத்து ஆடு, ஒப்பந்தக் கோழிப் பண்ணை. இது நம் பக்கத்தில் சாதாரணம். குதிரைக்கு அதுதான் ஆபத்து. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்தைக் கலப்பார்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு குதிரையின் இதயத் தசையைக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. மாட்டுக்கான கலப்புத் தீவனம் சிலவற்றிலும் மொனென்சின் இருக்கும். ஆகவே மூட்டை வைக்கிற அறைப் பக்கம் குதிரை போகக் கூடாது, கோழிக்குப் போட்ட அதே வாளியில் குதிரைக்கு எதுவும் போகக் கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே போனது போனதுதான்.

வேலியோரச் சவுண்டல் (சூபாபுல்) தழையை ஆடு ஆசையாகத் தின்னும். குதிரை தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் கொட்டிவிடும். தண்ணீர் பாயாமல் வாடிய இளம் சோளப் பயிரின் விஷம் உங்களுக்கே தெரியும். பூசணம் பிடித்த கடலைக்கொடி வேண்டாம். அரளி, ஆமணக்கு இருக்கிற வரப்பில் கட்டாதீர்கள்.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைச் சத்து என்று நினைக்கிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. நம் கொரங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல்லிலும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் இருப்பதால், அது இருக்கிற சுண்ணாம்பையும் கட்டிப்போடும். இவற்றையே மாதக்கணக்கில் தின்கிற குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். முகத்து எலும்பு உப்பி, கால் நொண்டும். காங்கேயம் மாடு அதே புல்லில் கம்பீரமாக நிற்கிறதே என்று கேட்பீர்கள். மாட்டின் முன்வயிற்றில் ஆக்சலேட்டை உடைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. குதிரைக்கு ஒற்றை வயிறு. புல்லைக் கைவிட வேண்டாம், ஆனால் சுண்ணாம்புச்சத்து நிறைந்த குதிரை மசால் கூடவே இருக்கட்டும்.

ஊசியும் பூச்சி மருந்தும்

இரண்டையும் இப்போது தொடாதீர்கள். கடைக்காரர் சொன்ன ரத்த ஊசி பெரும்பாலும் இரும்புச்சத்து. குதிரைக்கு அதை ஊசியாகப் போட்டால் ஒவ்வாமையில் நின்ற இடத்திலேயே விழுந்துவிடக்கூடும். ரத்தம் தீனியில்தான் ஊற வேண்டும். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஊசியும் குதிரைக்கானது இல்லை. குதிரைக்கு அது வாய்வழி. பத்துப் பதினைந்து நாள் போகட்டும். சாணியை ஒரு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, எந்தப் புழு, எவ்வளவு முட்டை என்று பார்த்த பிறகு, எடைக்கேற்ற அளவில் மருந்து.

“வயிறு மட்டும் பெரிசா இருக்குது, அப்ப அவ்வளவு பட்டினி இல்லையோ” என்று கேட்டிருந்தீர்கள். வயிற்றைப் பார்க்காதீர்கள். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் வால் அடியையும் தொட்டுப் பாருங்கள். தசை கரைந்து, சக்கையைத் தின்று, புழுவும் இருந்தால் வயிறு தொங்கத்தான் செய்யும். ஆனால் தொலைபேசியில் நான் கேட்டபோது, பொங்கல் வரை ஓர் ஆண் குதிரையும் அதே தோப்பில் நின்றது என்றீர்கள். அப்படியானால் சினையா என்று பார்த்தே ஆக வேண்டும். குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம்.

மருத்துவர் வரும்போது ரத்தப் பரிசோதனைக்கும் சொல்லுங்கள். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், தின்றும் தேறாமை என்றால் அது வெறும் பட்டினி இல்லை; மாட்டு ஈ பரப்பும் சர்ரா நோயாக இருக்கலாம். மூக்கில் சளியும் தோலில் முடிச்சும் இருந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம் வரும். அது மனிதருக்கும் தொற்றுவது, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். முடிவு வரும் வரை மகனைக் கிட்டே விடாதீர்கள். ரணஜன்னிக்குக் குதிரையைப் போல எளிதாக ஆளாகும் கால்நடை வேறில்லை, அந்தத் தடுப்பூசி மட்டும் எப்போது என்று அவரிடமே கேட்டு முடித்துவிடுங்கள். பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்தால் பல்லை ராவ வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், உடுமலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். ஆனால் குதிரை வண்டியில் நின்று வருகிற அளவுக்குத் தேறிய பிறகு.

குளம்பு வளர்ந்து வளைந்திருக்கிறது, சந்தையில் லாடம் அடிப்பவரைக் கூப்பிடட்டுமா என்கிறீர்கள். காளைக்குக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அவர்கள் அடிப்பார்கள். இந்த நிலையில் குதிரையைச் சாய்த்தால் மறுபடி எழாமல் போகலாம். நின்றபடியே குளம்பைச் சீவத் தெரிந்தவராகப் பாருங்கள். லாடமே வேண்டாம், சீவினால் போதும்.

கொள்ளு எப்போது?

இரண்டு மாதம் கழித்து. ஊறவைத்து அவித்த கொள்ளு நூறு கிராமில் ஆரம்பித்து, வாரத்துக்கு நூறாகக் கூட்டி, அரைக் கிலோவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன்பே, ஒரு மாதம் கடந்ததும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி புல்லில் பிசிறிப் போட்டு மெதுவாகக் கூட்டலாம். எண்ணெய் இன்சுலினைக் கிளப்பாது. இளைத்தவனுக்கு எள்ளு என்றது அப்பிச்சி காலத்துக்கும் முந்தைய ஆட்கள்தான். வெல்லம் வேண்டவே வேண்டாம்.

மச்சாண்டாரும் சுழியும்

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, பதினொன்றாம் பிரிவின்படி, வளர்க்கிற விலங்குக்குப் போதிய உணவும் தண்ணீரும் நிழலும் தராதது குற்றம். சிறை நிச்சயம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஆமாம், எழுத்துப்பிழை இல்லை. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் மூன்று மாதச் சிறைக்கு இடமுண்டு. ஐம்பது ரூபாய்க்காக உறவைப் பகைத்துக்கொண்டால், கோபத்தில் அவர் குதிரையைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகவும் கூடும். அவரிடம் இன்னொரு விலங்கு இதே நிலையில் கிடந்தால் புகார் கொடுங்கள் என்பேன். ஒன்றுமில்லை என்றால், எனக்கு முக்கியம் குதிரை உங்கள் கொட்டகையில் இருப்பது.

“ஓட்டிட்டுப் போ” என்ற சொல் மட்டும் போதாது. இன்று முதுகெலும்பு தெரிகிற குதிரையை யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பளபளவென்று நிற்கும்போது, “பாத்துக்கச் சொல்லித்தானே விட்டேன்” என்பார்கள். ஒரு தொகை, நூறு ரூபாயானாலும் சரி, கொடுத்து, ‘இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன்’ என்று எழுதி வாங்குங்கள், இரண்டு சாட்சி. வந்த அன்று எடுத்த படங்களையும் மருத்துவர் சீட்டுகளையும் அழிக்காமல் வையுங்கள். உங்கள் கணவரே போய்ப் பேசட்டும். “இளைச்சுக் கெடக்குது, செத்துட்டா எங்க மேல பேச்சு வரக் கூடாதுங்கண்ணா” என்று ஆரம்பித்தால் கையெழுத்து சுலபமாக விழும்.

எழுதி வாங்கும் அந்த விற்பனைச் சீட்டில் குதிரையின் அடையாளம் எழுத வேண்டும். நிறம், நெற்றிப் பொட்டு, எந்தக் காலில் வெள்ளை, அப்புறம் சுழி எங்கே எங்கே. சுழியால் குடும்பத்துக்கு ஆகாது என்பதற்கு என் வேலையில் ஒரு சான்றையும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு குதிரையின் சுழி அமைப்பு சாகும் வரை மாறாது. அதனால் வெளிநாடுகளில் குதிரைக்குக் கொடுக்கும் அடையாளப் புத்தகத்தில் சுழிகளைப் படமாகவே வரைந்துகொள்கிறார்கள். அத்தையிடம் சொல்லுங்கள், நாளைக்கு யாராவது இது என் குதிரை என்று வந்தால் அந்தக் கெட்ட சுழிதான் உங்கள் பத்திரம்.

மகனைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகு அவன் பிரஷ் போடட்டும், வாரம் ஒருநாள் அதே டேப்பால் அளந்து நோட்டில் எழுதட்டும். முதல் இரண்டு வாரம் எண் நகராது, பயப்பட வேண்டாம். முதுகில் சதை மூடாமல் சேணம் வைத்தால் புண்ணாகும், ஆறாது. தை பிறந்ததும் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 265 கிலோவைத் தாண்டி, சினையும் இல்லை என்றால் சேணத்தைப் பற்றிப் பேசுவோம். சினை என்றால் பையனுக்கு வேறு வேலை காத்திருக்கிறது.